திருத்தம் எழுதியாயிற்று, இயந்திரத்துக்கு வந்து சேர்ந்ததா?

2017 நவம்பரில் சிஸ்காலர் என்ற சோதனைக் கருவி லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் ஒரு பிழையைப் பிடித்தது. ஆண்ட்ராய்டு செயலிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்ளும் பைண்டர் என்ற பகுதியில் இருந்த பிழை அது. 2018 பிப்ரவரியிலேயே திருத்தம் எழுதி 4.14 கெர்னலில் சேர்த்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டின் பொதுக் கெர்னல் கிளைகள் சிலவற்றுக்கும் அது போனது. ஆனால் அதைப் பாதுகாப்பு ஓட்டை என்று அப்போது யாரும் வகைப்படுத்தவில்லை. ஓட்டைகளுக்கு உலக அளவில் தரப்படும் சிவிஇ அடையாள எண் அதற்குக் கிடைக்கவில்லை, ஆண்ட்ராய்டின் மாதாந்திரப் பாதுகாப்பு அறிக்கையிலும் அது இடம்பெறவில்லை. விளைவு, ஏற்கெனவே மக்கள் கையில் இருந்த பல போன்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவே இல்லை. 2019 செப்டம்பர் கடைசியில், இதே பிழையை வைத்து நிஜமான தாக்குதல்கள் நடக்கின்றன என்று கூகுளின் ப்ராஜெக்ட் ஸீரோ குழு எச்சரித்தது. பிக்ஸல் 2 உட்படப் பல மாடல்கள் அப்போதும் ஓட்டையோடுதான் ஓடிக்கொண்டிருந்தன. சிவிஇ-2019-2215 என்ற எண் அதன் பிறகுதான் வந்தது. திருத்தம் எழுதி ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கெர்னல் ஓட்டை பற்றிய செய்திகளில் கண்டுபிடிப்புதான் தலைப்பாகிறது. ஆனால் பாதிப்பு பெரும்பாலும் அதற்குப் பிந்தைய நாட்களில்தான் நடக்கிறது. திருத்தம் எழுதப்பட்ட நாளுக்கும், அது நம் இயந்திரத்தில் உண்மையிலேயே ஓடத் தொடங்கும் நாளுக்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரம் எப்படி உண்டாகிறது, எங்கே நீள்கிறது என்று தெரிந்துகொண்டால், எதைச் செய்யவேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில், கெர்னலில் இருக்கும் பிழை ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? இயங்குதளத்தின் மற்ற எல்லாப் பாதுகாப்பும் கெர்னல் சொல்வதை நம்பித்தான் நிற்கிறது. இந்தக் கோப்பை இந்தப் பயனர் திறக்கலாமா, இந்தச் செயலி அந்தச் செயலியின் நினைவகத்தைத் தொடலாமா, இந்தக் கன்டெய்னர் (தனியாக அடைத்து ஓட்டப்படும் நிரல்) தன் எல்லைக்குள் இருக்கிறதா என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வது கெர்னல். பிரவுசரில் ஓட்டை இருந்தால், தாக்குபவர் பிரவுசரின் வேலிக்குள் மாட்டிக்கொள்வார். கெர்னலில் ஓட்டை இருந்தால் அந்த வேலியே அவர் கைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் நிஜத் தாக்குதல்கள் பலவும் இரண்டு படியாக நடக்கின்றன: ஏதோ ஒரு செயலி வழியாக உள்ளே வருவது, அப்புறம் கெர்னல் ஓட்டை வழியாக ரூட் எனப்படும் முழு நிர்வாக அதிகாரம் பெறுவது. "இது உள்ளூர் பயனர் மட்டுமே பயன்படுத்தக்கூடிய ஓட்டை" என்று அறிவிப்பில் எழுதியிருந்தால் பலர் நிம்மதியடைகிறார்கள். அப்படி நிம்மதியடையக் கூடாது. உள்ளே ஒரு கால் வைத்த எவரும் உள்ளூர் பயனர்தான்.

லினக்ஸ் கெர்னலின் மூல நிரல் மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. சி மொழியில் நினைவகத்தை ஒதுக்குவதும் விடுவிப்பதும் எழுதுபவரின் பொறுப்பு, அங்கேதான் சறுக்கல் அதிகம். மைக்ரோசாஃப்ட் தான் சரிசெய்யும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகக் கையாளுதல் பிழைகள் என்று 2019-இல் சொன்னது. பைண்டர் பிழையும் அந்த ரகம்தான். ஒரு த்ரெட் (செயலிக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை) முடியும்போது அதற்கான நினைவகத்தைக் கெர்னல் விடுவித்துவிட்டது. ஆனால் ஈபோல் என்ற இன்னொரு பகுதி அதே இடத்தைச் சுட்டிக்கொண்டே இருந்தது. வீட்டைக் காலி செய்தவரிடம் பழைய சாவி இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும்: அந்த இடத்தில் வேறு தரவு குடிவந்த பிறகும் பழைய சுட்டி வழியாக உள்ளே நுழைந்து அதை மாற்ற முடிகிறது.

எல்லாப் பிழையும் இவ்வளவு நேரடியானது இல்லை. 2021 ஜூலையில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட செக்கோயா ஓட்டையில், 64 பிட் நீளமுள்ள ஓர் அளவு எண்ணை 32 பிட் முழு எண்ணாக எடுத்துக்கொண்டதுதான் குற்றம். ஒன்றுக்குள் ஒன்றாக டைரக்டரிகளை உருவாக்கி, மொத்தப் பாதையின் நீளம் ஒரு ஜிகாபைட்டைத் தாண்டும்படி செய்தால் அந்த எண் குறை எண்ணாகப் புரண்டுவிடும். யாரும் அப்படி ஒரு பாதையை உருவாக்கமாட்டார்கள் என்று நிரல் எழுதியவர் நினைத்ததில் ஆச்சரியமில்லை. தாக்குபவர் உருவாக்குவார்.

டர்ட்டி கவ் எனப்படும் சிவிஇ-2016-5195 நேரப் போட்டியில் பிறந்தது. இரண்டு செயலிகள் ஒரே நினைவகப் பக்கத்தைப் படிக்கும்வரை கெர்னல் ஒரே பிரதியை வைத்திருக்கும். ஒருவர் எழுத முயலும்போதுதான் அவருக்குத் தனிப் பிரதி எடுத்துத் தரும். அந்தப் பிரதி எடுத்த கணத்துக்கும் எழுதும் கணத்துக்கும் நடுவே, பிரதியைத் தூக்கி எறியும்படி இன்னொரு த்ரெட் கெர்னலிடம் சொன்னால், எழுத்து மூலப் பக்கத்திலேயே போய் விழுந்துவிடும். படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பை இப்படி மாற்றிவிடலாம். 2007-இல் வந்த 2.6.22 முதல் 2016 வரை இது உள்ளே இருந்தது. இதில் என்னை அதிகம் உறுத்துவது, திருத்தத்தோடு லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய குறிப்பு. இந்த நேரப் போட்டியைத் தானே பதினோரு வருஷம் முன்பு சரிசெய்ய முயன்றதாகவும், ஐபிஎம்மின் எஸ்390 பெருங்கணினிகளில் சிக்கல் வந்ததால் அது திரும்பப் பெறப்பட்டதாகவும், அன்று ஏட்டளவில் இருந்த ஆபத்து இன்று எளிதில் தூண்டக்கூடியதாகிவிட்டது என்றும் அதில் இருக்கிறது. ஃபில் ஓஸ்டர் என்பவர் இதைக் கண்டுபிடித்ததே, தாக்கப்பட்ட ஒரு சர்வரின் நெட்வொர்க் பதிவிலிருந்து தாக்குநிரலைப் பிரித்தெடுத்துத்தான். பாதுகாப்பு உலகத்துக்கு முன்பே தாக்குபவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

சரி, ஒரு திருத்தம் எப்படிப் பிறந்து எப்படிப் பயணிக்கிறது? இதற்கு 2022-இல் வெளியான டர்ட்டி பைப் என்ற ஓட்டையை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது, ஒவ்வொரு தேதியும் பொதுவில் பதிவாகியிருக்கிறது.

மேக்ஸ் கெல்லர்மன் ஒரு வெப் ஹோஸ்டிங் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். வாடிக்கையாளர்களின் சர்வர் பதிவுக் கோப்புகள் சில பிரிக்க முடியாமல் கெட்டிருப்பதாக 2021-இல் புகார் வந்தது. கெட்ட கோப்புகள் பெரும்பாலும் மாதத்தின் கடைசி நாளுக்கு உரியவை. கெட்டிருந்தது எப்போதும் கடைசி எட்டு பைட்டுகள். அங்கே இருந்தவை ஜிப் கோப்பின் உள்ளடக்கத் தலைப்பில் வரும் பைட்டுகள். அந்த மாதக் கோப்புகளையெல்லாம் சேர்த்து ஜிப்பாக்கும் நிரல், பதிவுக் கோப்புகளை மாற்றும் அனுமதியே இல்லாத நிரல். அனுமதி இல்லாத ஒன்று எழுதியிருக்கிறது என்றால் தவறு கெர்னலில்தான் இருக்கவேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். தன் நிரலைக் குற்றம் சொல்வதற்கு முன் கெர்னலைக் குற்றம் சொல்ல எந்த அனுபவசாலியும் தயங்குவார். அவரும் மற்ற எல்லா வழியையும் அடைத்த பிறகுதான் அங்கே வந்தார்.

கண்டுபிடித்தது இது. ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குத் தரவு கடத்தும் வழிதான் பைப். கோப்பிலிருந்து பைப்புக்குத் தரவை அனுப்பும்போது, வேகத்துக்காக கெர்னல் நகல் எடுப்பதில்லை. நினைவகத்தில் இருக்கும் கோப்புப் பக்கத்தையே பைப்பிடம் சுட்டிக் காட்டுகிறது. இந்தப் பக்கத்தின் மீதி இடத்தில் அடுத்த தரவைச் சேர்த்து எழுதலாமா என்று சொல்ல ஒரு கொடி உண்டு. பழைய உபயோகத்தில் உயர்த்திய கொடியைப் புதிய பக்கத்துக்கு மாறும்போது இறக்க மறந்திருந்தார்கள். அதனால் பைப்பில் எழுதியது நேராகக் கோப்பின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. கொடியைத் துவக்காத தவறு 2016-இல், 4.9 கெர்னலுக்கான மாற்றத்தில் வந்தது. அப்போது அது தீங்கற்றது, ஏனென்றால் ஆபத்தான கொடி எதுவும் அன்று இல்லை. 2020-இல் 5.8 கெர்னலில் அந்தக் கொடி அறிமுகமானது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு மாற்றமும் சோதனையில் தேறிவிடும். சேர்ந்தபோது எந்தச் சாதாரணப் பயனரும் கடவுச்சொல் கோப்பைத் திருத்தக்கூடிய ஓட்டையானது.

2022 பிப்ரவரி 20 அன்று கெல்லர்மன் பிழை விவரத்தையும், தாக்கிக் காட்டும் நிரலையும், திருத்தத்தையும் கெர்னல் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பினார். மறுநாள் பிக்ஸல் 6-இலும் இது வேலை செய்வதைக் காட்டி ஆண்ட்ராய்டு குழுவுக்குத் தெரிவித்தார். 23-ஆம் தேதி 5.16.11, 5.15.25, 5.10.102 என்ற நிலைப் பதிப்புகள் (திருத்தங்களை மட்டும் சேர்த்து வெளியிடப்படுபவை) திருத்தத்தோடு வெளியாயின. 24-ஆம் தேதி ஆண்ட்ராய்டு கெர்னலில் சேர்ந்தது. 28-ஆம் தேதி, லினக்ஸைத் தொகுத்துத் தரும் விநியோகங்களின் பாதுகாப்புக் குழுக்களுக்கு முன்னறிவிப்பு. மார்ச் 7 அன்று உலகத்துக்கு அறிவிப்பு. திருத்தமே இரண்டு வரி, கொடியை வெறுமையாக்கும் வரிகள். கெர்னல் பக்கம் மூன்று நாளில் வேலை முடிந்தது.

அதற்கு அப்புறம்தான் நீண்ட வழி. மூலக் கெர்னலிலிருந்து நிலைப் பதிப்புக்கு, அங்கிருந்து டெபியன், ரெட் ஹேட், சூசே போன்ற விநியோகங்களுக்கு, அவற்றிலிருந்து பயனரின் சர்வருக்கு. போன் என்றால் இன்னும் கூடுதலாகச் சிப் தயாரிப்பாளர், போன் தயாரிப்பாளர், சில நாடுகளில் தொலைத்தொடர்பு நிறுவனம் என்று ஒவ்வொரு வாசலிலும் நிற்கவேண்டும்.

விநியோகங்கள் புதிய கெர்னலை அப்படியே தருவது குறைவு. தாங்கள் வைத்திருக்கும் பழைய கெர்னலுக்குத் திருத்தத்தை மட்டும் பின்னோக்கி எடுத்துச் சேர்ப்பார்கள். இதனால் பதிப்பு எண்ணைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. ரெட் ஹேட் 8 இன்னும் 4.18 என்ற எண்ணைக் காட்டும். மூல 4.18 வந்தது 2018-இல். ஆனால் ரெட் ஹேட்டின் 4.18-க்குள் அதன் பிறகு வந்த ஆயிரக்கணக்கான திருத்தங்கள் சேர்ந்திருக்கின்றன. எண்ணை மட்டும் ஒப்பிட்டு அபாயச் சிவப்புக் காட்டும் ஸ்கேனர்கள் ஆட்களை வீணாக அலைக்கழிக்கின்றன. சரியான வழி, உங்கள் விநியோகத்தின் பாதுகாப்புப் பக்கத்தில் சிவிஇ எண்ணைத் தேடி, எந்தத் தொகுப்புப் பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது என்று பார்ப்பது.

எந்தத் திருத்தம் பாதுகாப்புத் திருத்தம் என்று யார் சொல்வது? பைண்டர் விவகாரத்தின் வேர் இதுதான். கெர்னலில் எந்தப் பிழையும் சரியான கையில் ஓட்டையாகலாம், ஆகவே நிலைப் பதிப்பில் வரும் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று, நிலைப் பதிப்புகளைப் பராமரிக்கும் கிரெக் குரோவா-ஹார்ட்மன் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். 2024 பிப்ரவரியில் கெர்னல் குழுவே சிவிஇ எண்களை வழங்கும் அதிகாரத்தைப் பெற்றது. அதிலிருந்து ஓட்டையாக வாய்ப்புள்ள எந்தத் திருத்தத்துக்கும் எண் தருகிறார்கள், வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் எண்கள் வருகின்றன. இத்தனை எண்ணை யார் படிப்பது என்று நிறுவனங்களின் பாதுகாப்புப் பிரிவுகள் திணறுவது உண்மை. ஆனாலும் கெர்னல் குழுவின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். முக்கியமானதை மட்டும் பொறுக்கி எடுக்கும் வழக்கம்தான் பைண்டர் திருத்தத்தைக் கைவிட்டது. எண்ணை எண்ணி அளப்பதைவிட, நிலைப் பதிப்பை மொத்தமாகத் தொடர்வது எளிது, பாதுகாப்பானதும்கூட.

திருத்தம் வெளியானதும் இன்னொரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. லினக்ஸ் திறந்த மூலம். எந்த வரி மாறியது என்று யாரும் படிக்கலாம், அதிலிருந்து பழைய கெர்னலைத் தாக்கும் வழியை வகுக்கலாம். விண்டோஸிலும் இது தப்பாது. மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று வரும் புதுப்பிப்பைப் பழைய கோப்போடு ஒப்பிட்டு, மாறிய இடத்தைக் கண்டுபிடிப்பது பழகிப்போன தொழில்நுட்பம். நெட்வொர்க் போக்குவரத்தை வடிகட்டும் நெட்ஃபில்டர் பகுதியின் என்எஃப்-டேபிள்ஸில் இருந்த சிவிஇ-2024-1086-ஐப் பாருங்கள். 2024 ஜனவரியில் திருத்தம் வந்தது. மார்ச் இறுதியில், முழு விளக்கத்தோடு வேலை செய்யும் தாக்குநிரல் பொதுவில் வெளியானது. மே மாத இறுதியில், இது நிஜத் தாக்குதல்களில் பயன்படுவதாக அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா தன் பட்டியலில் சேர்த்தது.

விண்டோஸில் நடந்தது இன்னும் கொடியது. எஸ்எம்பி கோப்புப் பகிர்வைக் கையாளும் கெர்னல் டிரைவரில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் தந்தது. ஏப்ரல் 14 அன்று ஷாடோ புரோக்கர்ஸ் என்ற கும்பல் அந்த ஓட்டையைத் தாக்கும் இட்டர்னல் புளூ என்ற தாக்குநிரலைப் பொதுவில் கொட்டியது. மே 12 அன்று அதை வைத்து வான்னக்ரை என்ற பணயப் பணம் கேட்கும் நிரல் பரவி, 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் ரத்தாயின. ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் தரவேண்டி வந்தது, ஆனால் அதிகம் பாதிக்கப்பட்டவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்கான திருத்தம் இரண்டு மாதமாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அப்படியானால் ஏன் போடவில்லை? சோம்பல் என்று சொல்லிவிடுவது அநியாயம். திருத்தமே சில நேரம் வேலையைக் கெடுக்கும், நிர்வாகிகளின் தயக்கத்துக்கு அனுபவ ஆதாரம் உண்டு. டர்ட்டி கவ்வுக்கு எழுதிய திருத்தமே பெரிய நினைவகப் பக்கங்கள் விஷயத்தில் முழுமையாக இல்லை. 2017 நவம்பரில் அதற்குத் தனியாக இன்னொரு சிவிஇ வந்தது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற ஓட்டை வெளியானபோது, பிராசஸரின் குறையைக் கெர்னல் வழியாக மறைக்கவேண்டியிருந்தது. கெர்னலின் நினைவக அட்டவணையைப் பயனரின் அட்டவணையிலிருந்து பிரித்தார்கள், சிஸ்டம் கால் (செயலி கெர்னலிடம் உதவி கேட்கும் அழைப்பு) அதிகமுள்ள வேலைகளில் வேகம் குறைந்தது. இதற்கெல்லாம் தீர்வு தள்ளிப்போடுவது இல்லை. சில இயந்திரங்களில் முதலில் போட்டு, ஓரிரு நாள் கவனித்து, மற்றவற்றுக்கு விரிப்பதுதான். பழைய கெர்னலைத் துவக்கப் பட்டியலில் விநியோகங்கள் விட்டு வைப்பதும் இதற்காகத்தான். புதியது தகராறு செய்தால் அதற்குத் திரும்பலாம்.

பலரும் கவனிக்காமல் விடுவது இது: புதிய கெர்னல் தொகுப்பை நிறுவினால் அது வட்டில்தான் இருக்கிறது. ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னல். ரீபூட் செய்யும்வரை ஓட்டை திறந்தே இருக்கும். தொகுப்பு மேலாளர் எல்லாம் புதுப்பித்தாயிற்று என்று சொல்லும், அறிக்கையும் பச்சை காட்டும், ஆனால் ஓடும் கெர்னலின் பதிப்பைச் சொல்லும் யூநேம் கட்டளை ஒரு வருஷப் பழைய பதிப்பைக் காட்டும். உபுண்டு இயந்திரங்களில் ரீபூட் தேவை என்று ஒரு கோப்பே எழுதி வைக்கப்படும், அதைக் கண்காணிப்பில் சேர்த்துவிடலாம். ஐநூறு நாளாக நிறுத்தாமல் ஓடுகிறது என்று ஒரு சர்வரைப் பெருமையாகக் காட்டினால், நேரடிப் பேட்ச் (ரீபூட் இல்லாமல், ஓடும் கெர்னலிலேயே திருத்தம் ஏற்றும் முறை) ஏதும் இல்லாதவரை, ஐநூறு நாளாகக் கெர்னல் திருத்தம் எதுவும் அதில் ஏறவில்லை என்றுதான் பொருள்.

நிறுத்தவே முடியாத இயந்திரங்களுக்கு நேரடிப் பேட்ச் உண்டு. எம்ஐடியில் பிறந்த கேஸ்ப்ளைஸ் 2008-இல் இதைச் செய்து காட்டியது, பிறகு ஆரக்கிள் அதை வாங்கியது. 2014-இல் ரெட் ஹேட் கேபேட்சையும், சூசே கேகிராஃப்டையும் கொண்டுவந்தன. இரண்டுக்கும் பொதுவான அடித்தளம் 2015-இல் 4.0 கெர்னலிலேயே சேர்ந்தது. பிழையுள்ள ஃபங்ஷனின் வாசலில் ஒரு திருப்பம் வைத்து, அழைப்பைத் திருத்திய ஃபங்ஷனுக்கு அனுப்புவதுதான் உத்தி. பழைய ஃபங்ஷனுக்குள் யாரும் நடுவழியில் இல்லாத சமயம் பார்த்து ஒவ்வொரு செயல்முறையாக மாற்றுவார்கள். ஆனால் திருத்தம் ஒரு தரவுக் கட்டமைப்பின் வடிவத்தையே மாற்றினால் இது கடினம். நேரடிப் பேட்ச் ரீபூட்டுக்கு அவகாசம் வாங்கித் தரும், ரீபூட்டை ஒழிக்காது.

சொந்தமாகக் கெர்னலைத் தொகுப்பவர்கள் தனித் திருத்தத்தைப் பொறுக்கி ஒட்டுவதைவிட, தங்கள் கிளையின் அடுத்த நிலைப் பதிப்புக்கு மாறுவது நல்லது. ஒரு திருத்தம் முந்தைய நான்கு திருத்தங்களை நம்பியிருப்பது சகஜம். வெளி மாட்யூல்கள் (கெர்னலோடு தனியாக இணைக்கப்படும் துண்டுகள்) இருந்தால் அவற்றையும் மறுபடி தொகுக்கவேண்டும், கையொப்பமிட்ட நிரலை மட்டும் துவக்கவிடும் செக்யூர் பூட் இருந்தால் கையொப்பமும் வேண்டும்.

திருத்தம் வரும்வரை, அல்லது போட முடியும்வரை, தாக்கும் பரப்பைக் குறைக்கலாம். மேலே சொன்ன என்எஃப்-டேபிள்ஸ் ஓட்டையைச் சாதாரணப் பயனர் தொட முடிந்ததற்குக் காரணம், அதிகாரம் இல்லாதவரும் தனக்கென ஒரு யூசர் நேம்ஸ்பேஸ் உருவாக்கி அதற்குள் நிர்வாகியாக நடிக்க முடிவதுதான். தேவையில்லாத சர்வர்களில் அந்த வசதியை நிறுத்தி வைத்தால் இதுபோன்ற ஒரு வரிசை ஓட்டைகள் மொத்தமாகக் கைக்கெட்டாமல் போகும். ஆனால் சில கன்டெய்னர் கருவிகளும் பிரவுசர்களும் தங்கள் பாதுகாப்புக்கே அதை நம்பியிருக்கின்றன, ஆகவே டெஸ்க்டாப்பில் யோசித்துச் செய்யவேண்டும். பயன்படாத நெட்வொர்க் நெறிமுறைகளின் மாட்யூல்கள் தானாக ஏறாமல் தடுப்பதில் அப்படிச் சங்கடம் கிடையாது, அதைத் தயங்காமல் செய்யலாம்.

மிச்சம் இருப்பது, திருத்தமே வராத இயந்திரங்கள். ரவுட்டர், கேமரா, பழைய போன் எல்லாவற்றிலும் கெர்னல் இருக்கிறது, பெரும்பாலும் லினக்ஸ்தான். நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை ஆறு ஆண்டு பராமரிக்கும் வழக்கத்தை இரண்டாகக் குறைக்கப்போவதாகக் கெர்னல் தரப்பு 2023-இல் சொன்னது. சாதனத் தயாரிப்பாளர் அதற்குமேல் புதிய கெர்னலுக்கு மாறாவிட்டால், அவர் விற்ற சாதனம் விற்றபடியே நின்றுவிடும். சில போன் நிறுவனங்கள் இப்போது ஏழு ஆண்டு புதுப்பிப்பு தருவதாக வாக்களிக்கின்றன: கூகுள் 2023-இல் பிக்ஸல் 8-லிருந்து, சாம்சங் 2024-இல் கேலக்ஸி எஸ்24-லிருந்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது, அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து கட்டாயமாகின்றன. குறைந்த ஆயுள் கொண்டவற்றைத் தவிர மற்றச் சாதனங்களுக்கு ஐந்து ஆண்டாவது பாதுகாப்புத் திருத்தம் தரவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அது வரும்வரை, ஆதரவுத் தேதி கடந்த ரவுட்டரையோ கேமராவையோ இணையத்திலிருந்து நேரடியாக எட்டாதபடி தனி நெட்வொர்க்கில் ஒதுக்குங்கள், முடிந்தால் மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்கும்போது, எந்தத் தேதிவரை திருத்தம் வரும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் தந்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.